குடலின் கடைசி முழங்கள்

உள்ளே நடப்பது என்ன? – 14

சென்னை கே.கே. நகர் சிவன் பூங்காவில் காலை நடையை முடித்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு நேராக ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் நிறைய. மாலையில் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் முதலில் ஓடுவது சில வரிகளுக்குத்தான்: சர்க்கரை, பி12, யூரின் ஆல்புமின். பி12 குறைந்திருந்தால் நரம்புக்கு ஊசி. யூரினில் புரதம் போனால் சிறுநீரக டாக்டர். இரண்டும் வெவ்வேறு உறுப்பு, வெவ்வேறு பிரச்சினை, வெவ்வேறு நாள் அப்பாயிண்ட்மென்ட். ஆனால் அந்த இரண்டு வரிகளுக்கும் பின்னால் ஒரே புரதம் இருக்க முடியும். அதன் பெயர் கியூபிலின்.

சென்ற வாரம் இரைப்பை வரை வந்து நிறுத்தினோம். அங்கிருந்தே தொடரலாம்.

மாமிசம் மட்டும் போதாது

1920களின் பிற்பகுதி. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் வில்லியம் காசில் என்ற இளம் மருத்துவர், அன்று ஆளைக் கொன்றுகொண்டிருந்த ஒருவகை ரத்தசோகைக்குக் காரணம் தேடினார். ஈரலைச் சாப்பிட்டால் நோய் தணிகிறது என்று அப்போதுதான் தெரிய வந்திருந்தது; அதற்காக 1934இல் விப்பிள், மைனாட், மர்ஃபி மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. காசிலின் கேள்வி வேறு: ஆரோக்கியமானவன் தினமும் ஈரல் தின்பதில்லையே, அவனுக்கு ஏன் இந்த நோய் வரவில்லை?

அவர் செய்த சோதனையைக் கேட்டால் முகம் சுளிப்போம். அரைவேக்காட்டு மாட்டிறைச்சியைத் தானே சாப்பிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அதை வெளியே எடுத்து, கூழாக்கி, குழாய் வழியாக நோயாளிகளுக்குச் செலுத்தினார். இறைச்சியை மட்டும் கொடுத்தபோது பலனில்லை. இரைப்பைச் சுரப்பை மட்டும் கொடுத்தபோதும் இல்லை. இரண்டும் கலந்து போனபோது ரத்தம் ஊறியது. உணவில் ஒன்று, இரைப்பையில் ஒன்று என இரண்டு பொருள்கள் சேர வேண்டும் என்று 1929இல் எழுதினார். உணவில் இருந்தது பி12. அது சிவப்புப் படிகமாகப் பிரிந்து வந்தது 1948இல்தான். இரைப்பையில் இருந்தது ஒரு புரதம். இரைப்பைச் சுவரின் செல்கள் சுரக்கும் 'உள்ளகக் காரணி'.

இந்த இரண்டும் கைகோத்தபின் எங்கே போகின்றன? சிறுகுடல் ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளம். அதில் பெரும்பகுதியைத் தாண்டி, பெருங்குடலில் சேர்வதற்குச் சற்று முன்னால் உள்ள கடைசி முழங்கள்வரை அவை தீண்டப்படாமல் போகின்றன. அங்கே குடல் செல்களின் மேற்பரப்பில் கியூபிலின் இருக்கிறது. பி12ஐத் தனியாக அது கண்டுகொள்ளாது. உள்ளகக் காரணியோடு வந்தால்தான் பற்றும். பற்றுவதற்குக் கால்சியமும் வேண்டும். பற்றியதும் செல்லின் சவ்வு உள்மடிந்து எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கிக்கொள்ளும். ஒரு வேளைச் சாப்பாட்டில் இந்த வழியாக ஏறக்கூடிய பி12 ஒன்றரை முதல் இரண்டு மைக்ரோகிராம்தான். நம் நாட்டில் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவும் நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராம் என்பதால், உடம்புக்கு அது போதும்.

ஏற்பி என்று பாடப்புத்தகம் சொல்லும் இந்தப் புரதம் சாதாரணப் பெரிது அல்ல. 3,600க்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள். ஒரே மாதிரி வார்ப்பில் 27 துண்டுகள் வரிசையாகக் கோக்கப்பட்ட நீண்ட மூலக்கூறு. பி12 வந்து அமர்வது ஐந்தாம் துண்டுமுதல் எட்டாம் துண்டுவரை உள்ள இடத்தில் என்பது 2010இல் படிக ஆய்வில் தெளிவானது. இத்தனை பெரிதாக இருந்தும் செல் சவ்வில் தன்னை ஊன்றிக்கொள்ள அதற்கு வழியில்லை. ஆம்னியன்லெஸ் என்ற இன்னொரு புரதம்தான் அதைச் சவ்வில் பிடித்து நிறுத்துகிறது.

வேலூரில் கிடைத்த விடை

கடைசி முழங்களின் அருமையை நம் பக்கத்து மருத்துவர்கள் வேறு வழியில் அறிந்திருந்தார்கள். தென்னிந்தியாவில் அன்று 'ஸ்ப்ரூ' என்ற நோய் இருந்தது. ஓயாத வயிற்றுப்போக்கு, சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமை, கடைசியில் ரத்தசோகை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ் தன் சகோதரர்களை இந்த நோய்க்குப் பறிகொடுத்தார். அவரையும் அது விடவில்லை. ஆசந்த லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார். பிறகு 1920களில் அமெரிக்கா போய், ஃபோலிக் அமிலத்தை உருவாக்கிய லெடர்லி ஆய்வகக் குழுவை வழிநடத்தினார். ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கைகொடுத்த மருந்துகளில் அதுவும் ஒன்று. பி12 படிகமான அதே 1948இல் சுப்பாராவ் இறந்தார்.

1960களில் தமிழகக் கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோயாகவே பரவியபோது அதைத் துரத்திப் படித்தது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இருந்த வெல்கம் ஆராய்ச்சிப் பிரிவு. செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் அதில் முக்கியமானவர்கள். நோயாளிகளின் குடலைப் படிக்கும்போது நோயில்லாதவர்களின் குடலையும் ஒப்பிட்டாக வேண்டும் அல்லவா? அங்கேதான் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. எம்.ஜே. ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 1980இல் 'நேச்சர்' இதழில் அதை எழுதினார்கள்: ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் பி12 தயாரிக்கின்றன.

இதில் என்ன வியப்பு, பி12 தயாரிப்பதே பாக்டீரியாதானே என்று கேட்கலாம். உண்மைதான். எந்தச் செடியும் எந்த விலங்கும் அதைத் தயாரிப்பதில்லை. நம் பெருங்குடலிலும் பாக்டீரியாக்கள் அதைத் தாராளமாகத் தயாரிக்கின்றன. ஆனால் பெருங்குடல் இருப்பது கியூபிலினைத் தாண்டிய பிறகு. அங்கே தயாரானது கழிவோடு போய்விடும். மாட்டுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அதன் முதல் இரைப்பையிலேயே பாக்டீரியாக்கள் குடியிருப்பதால், தயாராவது கீழே இறங்கி வரும் வழியில் உறிஞ்சப்படுகிறது. முயலுக்குப் பின்குடலில்தான் நொதித்தல் என்பதால் தன் புழுக்கையில் ஒருவகையைத் தானே தின்று அதே வழியில் மறுபடி அனுப்புகிறது. வேலூர் கண்டுபிடிப்பின் முக்கியத்துவம் இந்த இடத்தில்தான்: சிறுகுடலில் தயாராகும் பி12, கியூபிலினுக்கு மேலே தயாராகிறது. உள்ளகக் காரணியோடு சேர்ந்து இறங்கி வர அதற்கு வாய்ப்பு உண்டு.

அதை நம்பிச் சைவச் சாப்பாட்டுக்காரர்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது. இந்தியாவில் பி12 குறைபாடு பரவலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டிவிட்டன. குடலில் கூட்டம் மிகுந்தால் அதே பாக்டீரியாக்கள் நமக்கு வரும் பி12ஐத் தாங்களே எடுத்துக்கொள்ளவும் செய்யும். பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி ஊசியை நிறுத்துவதும் ஆபத்து. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி, இல்லாவிட்டால் மாத்திரை. வழி இவ்வளவுதான்.

சாப்பாட்டில் குறையே இல்லாதவருக்கும் பி12 குறையலாம். குடல் காசநோய் நம் நாட்டில் பெரும்பாலும் பிடிப்பது சிறுகுடலும் பெருங்குடலும் கூடும் இடத்தை. அறுவை சிகிச்சையில் அந்தப் பகுதியில் சுமார் 60 செ.மீ.க்கு மேல் வெட்டி எடுக்க நேர்ந்தால், எவ்வளவு கறி தின்றாலும் பி12 ஏறாது. கியூபிலின் இருந்த இடமே போய்விட்டதே.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். பல வருடம் சாப்பிட்டவர்களில் சிலருக்கு பி12 குறைகிறது. கியூபிலின் பற்றுவதற்குத் தேவையான கால்சியத்தின் வேலையில் இந்த மருந்து குறுக்கிடுவது ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இவர்களுக்குக் கால்சியம் கொடுத்தபோது உறிஞ்சல் மேம்பட்டது. கால் மரத்துப்போனால் 'சுகர் நரம்பைப் பிடித்துவிட்டது' என்று முடிவுகட்டுவதற்குமுன், ஒருமுறை பி12 பார்ப்பது நல்லது. மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

அதே புரதம், இன்னோர் உறுப்பு

இனி சிறுநீரகம். ஒரு நாளில் நம் சிறுநீரகங்கள் வடிகட்டும் நீர் சுமார் 180 லிட்டர். ரத்தத்தின் ஆல்புமின் பெரும்பாலும் வடிகட்டியில் தடுக்கப்படும், கொஞ்சம் நழுவும். வைட்டமின் டியைச் சுமந்து போகும் புரதம் போன்ற சிறியவையும் நழுவும். அரிசி களையும்போது கழுநீரோடு ஓடும் மணிகளை உள்ளங்கை மறிப்பதுபோல, வடிகட்டிக்கு அடுத்துள்ள குழாயின் முதல் பகுதி அவற்றைப் பிடித்துத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. அங்கே பிடிப்பது யார்? அதே கியூபிலின். ஆம்னியன்லெஸ் கூடவே இருக்கிறது. மெகாலின் என்ற இன்னொரு பெரிய ஏற்பியும் துணைக்கு உண்டு. வைட்டமின் டி அங்கே பிடிபட்டு, சிறுநீரகச் செல்லுக்குள் போய்த்தான் செயல்படும் வடிவத்துக்கு மாறுகிறது.

குடலில் இருப்பதும் சிறுநீரகத்தில் இருப்பதும் ஒன்றுதான் என்பது தெரிந்த விதம் சுற்றுவழி. எலியின் சிறுநீரகப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைக் கருவுற்ற எலிக்குச் செலுத்தினால் குட்டிகள் ஊனமாகப் பிறந்தன. அந்த ஆன்டிபாடி ஒட்டிய பெரிய புரதத்தைப் பியர் வெரூஸ்ட் குழுவினர் ஒரு பக்கம் படித்துவந்தார்கள். இன்னொரு பக்கம், நாயின் குடலிலிருந்து பி12 ஏற்பியை 1981இலேயே பிரித்தெடுத்திருந்தவர் பெல்லூர் சீதாராம். இரு தரப்பும் சேர்ந்து 1997இல் எழுதிய கட்டுரை, அவர்கள் தனித்தனியே துரத்தியது ஒரே புரதத்தை என்று சொன்னது.

குழந்தை மருத்துவர்களுக்கு இதன் தடயம் முன்பே கிடைத்திருந்தது. 1960இல் நார்வேயில் ஓல்கா இமெர்ஸ்லுண்ட், பின்லாந்தில் ரால்ஃப் கிராஸ்பெக் இருவரும் ஒருவரையொருவர் சாராமல் ஒரே நோயை விவரித்தார்கள். சில குடும்பங்களில் குழந்தைகளுக்குக் கடும் ரத்தசோகை. காரணம் பி12 ஏறவில்லை. கூடவே, பலருக்குச் சிறுநீரில் புரதம். பி12 ஊசி போட்டதும் ரத்தம் தேறியது, குழந்தை விளையாட ஆரம்பித்தது. ஆனால் சிறுநீரில் புரதம் போவது மட்டும் நிற்கவில்லை. அதனால் சிறுநீரகம் கெட்டுப்போகவும் இல்லை. கியூபிலின் மரபணுவில் உள்ள பிழைதான் பின்லாந்துக் குடும்பங்களில் காரணம் என்று 1999இல் தெரிந்தது. ஆம்னியன்லெஸ் பிழையாலும் இதே நோய் வரும் என்பது 2003இல் தெரிந்தது. அரிய நோய்தான், இந்தியக் குழந்தைகளிடமும் பதிவாகியிருக்கிறது.

அதன் பிறகு வந்த 2020ஆம் ஆண்டின் ஆய்வு இன்னும் ஒருபடி போனது. கியூபிலினின் பின்பாதியில், அதாவது பி12 அமரும் இடத்துக்கு அப்பால் பிழை இருந்தவர்களுக்கு பி12 குறையவே இல்லை. ஆனால் சிறுநீரில் ஆல்புமின் போய்க்கொண்டிருந்தது. சிறுநீரகம் ஒழுங்காகவே வேலை செய்தது. ஒரே புரதத்தில் ஒரு பகுதி குடலின் வேலைக்கும் இன்னொரு பகுதி சிறுநீரகத்தின் வேலைக்கும் முக்கியமாக இருப்பதால் வந்த வேறுபாடு இது. இவர்களில் சிலர் அதற்கு முன்பே சிறுநீரக நோயாளிகளாகக் கருதப்பட்டு, தேவையில்லாத மருந்துகளைச் சாப்பிட்டிருந்தார்கள். சிலருக்குச் சிறுநீரகத்திலிருந்து சதை எடுத்துப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை.

இதைப் படித்துவிட்டு, "எனக்கும் அந்த கியூபிலின்தான்" என்று யாரும் மாத்திரையை ஓரங்கட்ட வேண்டாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஒருவருக்குச் சிறுநீரில் புரதம் போனால், வடிகட்டியே பழுதாகிறது என்பதுதான் முதல் சந்தேகம். நம் ஊரில் பெரும்பாலும் அதுவே உண்மையும். ஆனால் ஒரு குழந்தைக்கு ரத்தசோகையும் சிறுநீரில் புரதமும் சேர்ந்து இருந்தால், அல்லது கிரியேட்டினின் வருடக்கணக்காக அசையாமலிருக்க ஆல்புமின் மட்டும் போய்க்கொண்டே இருந்து வீட்டில் இன்னொருவருக்கும் அப்படியே இருந்தால், அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் வயிற்றுக்கு ஒரு வரிசை, சிறுநீரகத்துக்கு ஒரு வரிசை என்று நோயாளி மாறி மாறி நிற்கிறார். பழைய ரிப்போர்ட்டுகளை ஒரே ஃபைலில் போட்டு, இரண்டு டாக்டர்களிடமும் முழுசாகக் காட்டுவது நோயாளியால் செய்யக்கூடிய காரியம். பி12 டாக்டரிடம் யூரின் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். யூரின் டாக்டரிடம் பி12ஐச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் கியூபிலினின் துணையான மெகாலின். உடம்புக்கு வேண்டியவற்றைப் பிடிக்கும் அதே கையால், ஜென்டாமைசின் ஊசி மருந்தையும் அது சிறுநீரகச் செல்லுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் வரும் சேதத்தைப் பார்க்கலாம்.

(தொடரும்)