பாக்டீரிய உயிர்ப்படலமும் பயிர்நோய்ப் பூஞ்சைகளும்

உயிர்ப்படலம் என்பது பாக்டீரியாக்கள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பிசினுக்குள் கூட்டமாக வாழும் அமைப்பு ஆகும். குளத்துப் படிக்கட்டின் வழுவழுப்பும், காலையில் பல்லின்மேல் இருக்கும் படிவும் இத்தகையவையே. பயிர்களின் வேர்களிலும் இப்படலம் உருவாகி, வேரைத் தாக்கும் பூஞ்சைகளை எதிர்கொள்கிறது.

உருவாகும் விதம்

வேர்கள் சர்க்கரைகளையும் கரிம அமிலங்களையும் கசியவிடுகின்றன. இவற்றால் ஈர்க்கப்படும் பாக்டீரியாக்கள் வேரில் ஒட்டி, பல்சர்க்கரை, புரதம், டி.என்.ஏ. கலந்த பிசினைச் சுரக்கின்றன. பிசின் ஈரத்தைப் பிடித்துவைப்பதால், மண் காயும்போதும் அவை தாக்குப்பிடிக்கின்றன.

பூஞ்சையைத் தடுக்கும் வழிகள்

1. இடமும் உணவும்: பூஞ்சை நுழையவேண்டிய இடத்தையும் அதற்கான உணவையும் பாக்டீரியாக்கள் முன்னரே எடுத்துக்கொள்கின்றன.
2. இரும்பு: சூடோமோனாஸ் புளோரசன்ஸ் சுரக்கும் சிடரோபோர்கள் மண்ணின் இரும்பைக் கவர்ந்துகொள்வதால் பூஞ்சைக்கு இரும்பு குறைகிறது.
3. எதிர்ப்பொருள்: பேசில்லஸ் சப்டிலிஸ் வகைகள் சுரக்கும் இட்யூரின், ஃபென்ஜைசின் ஆகியவை பூஞ்சையின் செல்சவ்வைச் சிதைக்கின்றன.
4. தூண்டப்பட்ட எதிர்ப்புத்திறன்: படலத்தின் தொடர்பால் பயிரின் சொந்தத் தற்காப்பும் விழிப்படைகிறது.

உளுந்து வேரழுகல்

புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் உள்ளது. மானாவாரி உளுந்தை வாட்டும் நோய்களுள் ஒன்று மேக்ரோபோமினா ஃபேசியோலினா என்னும் பூஞ்சையால் வரும் வேரழுகல். இப்பூஞ்சை நுண்ணிய கரிய முடிச்சுகளாக மண்ணிலும் பயிர்க்கழிவிலும் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். வெப்பமும் வறட்சியும் கூடும்போது முளைத்து வேரைத் தாக்கும்.

இதற்குப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறைகளுள் ஒன்று, ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைப்பது. எக்டேருக்கு 2.5 கிலோ சூடோமோனாஸை 50 கிலோ மக்கிய தொழுவுரத்துடன் கலந்து மண்ணிலும் இடலாம்.

விதைக்கும்போதே இடுவதன் காரணம் படலத்தின் இயல்பில் உள்ளது. விதை முளைத்து வேர்விடும்போதே பாக்டீரியா அங்கிருந்தால் இடம் அதற்குச் சொந்தமாகிறது. செடி வாடிய பின் இட்டால், பூஞ்சை ஏற்கெனவே வேருக்குள் புகுந்திருக்கும். அந்தச் செடியைக் காப்பது அரிது. ஆகவே இது நோய்க்கு மருந்தன்று, முன்காப்பு. உயிருள்ள பொருள் என்பதால் இதை இரசாயனப் பூசணக்கொல்லிகளுடன் கலத்தல் கூடாது.

உறவின் மறுபக்கம்

பாக்டீரியா பூஞ்சையின் இழைகளிலும் படியும். ஆனால் அது எப்போதும் பகையாக முடிவதில்லை. நிலக்கடலையில் கழுத்தழுகலை உண்டாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையின் இழைகளில் பேசில்லஸ் சப்டிலிஸ் ஒட்டும்போது, இரண்டின் வளர்சிதைமாற்றமும் மாறுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே ஒரு பாக்டீரியா படலம் அமைக்கிறது என்பதால் மட்டும் அது நோயைத் தடுக்கும் எனக் கொள்ள இயலாது. பயிர், மண், பூஞ்சை ஆகியவற்றோடு சேர்த்து வயலிலும் சோதித்தறிய வேண்டும்.