சரளைப் பாதையில் ஸ்னோ ப்ளோவர்: பறக்கும் கல்லுக்கு யார் பொறுப்பு?

ரொறன்ரோவின் நெரிசலை விட்டு ஒன்ராறியோவின் கிராமப்புறத்தில் காணியும் வீடும் வாங்கிப் போகும் நம்மவர்கள் முதல் பனிக்காலத்திலேயே ஒன்றைக் கண்டுகொள்வார்கள். வீதியிலிருந்து வாசல்வரை நீளும் வழி பெரும்பாலும் சரளைக்கல். கையால் அள்ளி மாளாது. டிராக்டரில் ஸ்னோ ப்ளோவரைப் பூட்ட வேண்டியதுதான். அதைத் தார்ப் பாதையில் ஓட்டுவதுபோல் தரையோடு தரையாக ஓட்டினால் பனியோடு கல்லும் பறக்கும்.

முன்னாலுள்ள திருகுத் தகடு பனியை நடுவுக்கு இழுக்கும். உள்ளே இருக்கும் விசிறி அதை வாங்கிக் குழாய் வழியே வீசும். பின்னால் பூட்டும் ப்ளோவர்கள் பெரும்பாலும், டிராக்டரின் விசையைக் கருவிக்குக் கடத்தி நிமிடத்துக்கு 540 தடவை சுழலும் பி.டி.ஓ. தண்டில் ஓடுகின்றன, செக்கனுக்கு ஒன்பது சுற்று. அந்த விசிறியில் அகப்பட்ட கல் அயல் வீட்டு யன்னலை உடைக்கும், ஒரு பிள்ளையின் கண்ணையும் பறிக்கும். ஓடும்போது குழாயின் வாயைத் தாழ்த்தி, ஆளும் வாகனமும் இல்லாத பக்கம் திருப்பி வையுங்கள். பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

கல்லை உள்ளே விடாமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. ப்ளோவரின் இரு பக்கமும் சறுக்குத் தகடுகள் இருக்கும். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சுரண்டும் விளிம்பின் கீழ் ஓரங்குல மொத்தமான பலகையை வையுங்கள். தகடுகளின் ஆணிகளைத் தளர்த்தி, இரண்டும் தரையைத் தொடும்வரை இறக்கி, மறுபடி இறுக்குங்கள். பாதை மேடுபள்ளமாக இருந்தால் இன்னும் உயர்த்த வேண்டும். நீளவாக்கில் பிளந்த இரும்புக் குழாயை அந்த விளிம்பில் மாட்டிவிடுவோரும் உண்டு. உருண்டையான விளிம்பு கல்லைக் கிளறாமல் வழுக்கிப் போகும்.

முதல் பனியை அள்ளாமல் விடுவதும் நல்லது. வாகனம் ஏறி இறங்க அது இறுகி, உறைந்து, கல்லைப் பிடித்துக்கொள்ளும். அதற்குமேல் விழுவதை மட்டும் அள்ளினால் போதும். சரளையில் தரை தெரியச் சுத்தம் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். பனி இளகி மண் நெகிழ்ந்திருக்கும் நாட்களில் ஆபத்து கூடும், அவசரமில்லையேல் தள்ளிப்போடுங்கள்.

கல் சிக்கினால் முறிந்து இயந்திரத்தைக் காப்பதற்கென்றே மெல்லிய ஆணி ஒன்று வைத்திருக்கிறார்கள். அது அடிக்கடி முறிகிறதென்று கடினமான ஆணியைப் போட்டால் முறிவது கியர்ப்பெட்டிதான்.

குழாய் அடைத்தால் கையை விடவே விடாதீர்கள். பி.டி.ஓ.வை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, எல்லாம் ஓய்ந்தபின் தடியால் குத்தி எடுங்கள். எஞ்சின் நின்றபின்னும் அடைப்புக்குள் விசை தேங்கி நிற்கலாம். அடைப்பு விலகியதும் விசிறி ஒரு தரம் சுழலும். விரல் போவதற்கு அந்த ஒரு சுற்றுப் போதும்.

அள்ளிய பனியை வீதியில் கொட்டக்கூடாது. ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181ஆம் பிரிவு, எழுத்து மூல அனுமதி இல்லாமல் அப்படிச் செய்வதைத் தடுக்கிறது. ஒப்பந்தக்காரரை அமர்த்தினால் அவருடைய பொறுப்புக் காப்புறுதிப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடி உடைந்தால், கல் புல்வெளிக்குப் போனால் யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வையுங்கள். காசுக்கு அயலாரின் பாதையை அள்ளிக் கொடுப்பவர்கள், வீட்டுக் காப்புறுதி அந்த வேலையையும் காக்குமா என்று முதலில் விசாரியுங்கள். கூலிக்கு ஓட்டும் தம்பிமாருக்கும் உரிமை உண்டு: காப்பு மூடி கழன்ற இயந்திரத்தை இயக்க மறுக்க, தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவு இடம் தருகிறது.

சொத்துச் சேதத்துக்குச் சிறுவழக்கு மன்றம் போகலாம். பொதுவாக இரண்டு ஆண்டுக்குள். உடைந்த கண்ணாடியையும் கல்லையும் அப்புறப்படுத்துமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தனியார் வளவில் பனியிலோ ஐஸிலோ வழுக்கிக் காயப்பட்டால் கெடு மிகக் குறுகியது. 2021 ஜனவரி 29 முதல், 60 நாளுக்குள் எழுத்து மூல அறிவித்தல் கொடுக்க வேண்டும். நாள், நேரம், இடம் மூன்றும் அதில் இருக்கட்டும். நேரில் கொடுங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வளவுக்காரருக்கோ பனி அள்ளும் ஒப்பந்தக்காரருக்கோ, யாராவது ஒருவருக்குக் கொடுத்தாலும் செல்லும்.