விழுதலும் எழுதலும்

சில மாதங்களுக்கு முன் நண்பரொருவர் இல்லத்தில் பழைய ஆவணப்படமொன்றைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. 1955 ஆம் ஆண்டில் யப்பானில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம் அது. இருவர் ஒருவரையொருவர் சட்டையிற் பற்றி வீழ்த்த முயலும் யூடோ என்னும் மற்போர்க் கலையின் பெருமக்களுள் ஒருவரான மிஃபுனே கியூசோ அதிலே தோன்றுகிறார். 1883 இல் பிறந்தவராதலால் அப்பொழுது அவருக்கு வயது 72. குள்ளமான, மெலிந்த தேகம். எதிரே நிற்பவர்களோ அவருடைய பேரப்பிள்ளைகளாகத் தக்க இளைஞர்கள்; தோள் அகன்றவர்கள். அவர்கள் கிழவரை இழுக்கிறார்கள், தள்ளுகிறார்கள், தூக்கி எறிய முயல்கிறார்கள். கிழவரோ எறிபவரின் கையிலேயே உடலைத் திருப்பிக் காலூன்றி நிற்கிறார். அடுத்த கணம் எறிய வந்தவர் பாயிலே கிடக்கிறார். கிழவரின் முகத்திலே முயற்சியின் சுவடே இல்லை. காற்றில் அசையும் ஓலையைப் பார்ப்பதுபோல இருந்தது எனக்கு.

"இது பிறவியிலே வரும் வரம்" என்றார் நண்பர். நான் பதில் கூறவில்லை. கூறியிருந்தால் என் கதையையும் கூற நேர்ந்திருக்கும். அன்று கூறாததை இன்று வாசகர்களுக்குக் கூறுகிறேன். எளிமையாகத் தோன்றும் அசைவு எங்கிருந்து பிறக்கிறது என்ற வினாவுக்கு நான் கண்ட விடையும் அந்தக் கதைக்குள்ளேதான் இருக்கிறது.

நான் ஓர் ஆசிரியன், தமிழ் கற்பிப்பவன். என் முப்பத்தெட்டாவது வயதிலே, நாற்காலியே கதியென்றிருந்த உடலுக்கு ஏதேனும் செய்ய வேண்டுமென்று எண்ணி, மாலை வேளைகளில் யூடோ பயிற்றும் ஒரு மண்டபத்துக்குச் செல்லத் தொடங்கினேன். அங்கே பயிற்றியவர் என்னிலும் பத்து வயது இளையவர். முதல் மூன்று வாரமும் ஒருவரையும் எறிவதற்கு அவர் எனக்குக் கற்பிக்கவில்லை. விழுவதற்கே கற்பித்தார். பின்புறமாக விழுதல், பக்கவாட்டில் விழுதல், முன்னே உருண்டு எழுதல். விழும்போது நாடியை மார்போடு சேர்த்துத் தலையைக் காத்துக்கொள்ளல். கையால் பாயை அறைந்து வீழ்ச்சியின் வேகத்தைச் சிதறச் செய்தல். உக்கெமி என்பது இப்பயிற்சியின் யப்பானியப் பெயர். எனக்கோ பொறுமை இல்லை. விழுவதற்கு யாராவது பணங்கொடுத்துப் படிப்பார்களா என்று மனத்துள் நகைத்தேன்.

நான்காம் வாரம் அதன் பலனை அனுபவித்தேன். பதினேழு வயது மாணவனொருவன் என்னை மெல்லத் தட்டி வீழ்த்தினான். கற்றவாறு விழாமல், நிலத்தைத் தடுப்பவன்போலக் கையை நீட்டினேன். மணிக்கட்டு பிசகியது. ஒன்றரை மாதம் கரும்பலகையில் இடக்கையால் எழுதினேன். மீண்டும் சென்றபோது என் உடல் முன்னையினும் இறுகியிருந்தது. தோள்கள் காதுவரை உயர்ந்து நின்றன. கைகள் இரண்டும் மரக்கட்டைகள் போல் எதிரியைத் தள்ளிக்கொண்டேயிருந்தன. ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்கியது. பயிற்றுநர் என்னை அருகழைத்துத் தாழ்ந்த குரலிற் சொன்னார்: "மாஸ்டர், நீங்கள் எங்களோடு மல்லுக்கட்டவில்லை. நிலத்தோடு மல்லுக்கட்டுகிறீர்கள். நிலத்தோடு சமாதானமானால் மற்றதெல்லாம் தானாக வரும்."

அந்தச் சொல் என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை. இக்கலையை வகுத்தவரைப் பற்றி அதன்பின்னரே தேடிப் படிக்கலானேன். அவரும் ஓர் ஆசிரியர் என்பதை அறிந்தபோது எனக்குண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை.

கானோ ஜிகோரோ 1860 ஆம் ஆண்டிலே பிறந்தவர். சிறுத்த உடலினர். பள்ளியிலே வலிய மாணவர்களிடம் துன்புற்றமையால் யூயுற்சு என்னும் பழைய மற்போர் முறையைப் பயில விரும்பி, 1877 இல் ஃபுகுடா ஹச்சினொசுகே என்பவரிடம் சேர்ந்தார். ஒருநாள் ஆசிரியர் தம்மை வீழ்த்திய முறையின் நுட்பம் யாது, கையை எவ்வாறு வைப்பது, காலை எங்கே ஊன்றுவது என்று கானோ வினவினார். ஆசிரியர் விடை கூறாமல் மறுபடியும் அவரை எறிந்தார். மீண்டும் வினவ, மீண்டும் எறிந்தார். ஆயிரந்தடவை செய்தால் உனக்கே விளங்கும் என்பதே அவர் தந்த விளக்கத்தின் சாரம். அம்முறையிலும் ஓர் உண்மை உண்டு. ஆயினும் கானோ அதனோடு அமைதி கொள்ளவில்லை. தோக்கியோப் பல்கலைக்கழகத்திற் கற்றவராதலால் ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் காரணத்தைத் தேடினார். 1882 இல், தமது இருபத்திரண்டாம் வயதில், ஏய்ஷோஜி என்னும் பௌத்த ஆலயத்தில், பன்னிரண்டு பாய்கள் கொண்ட சிறு கூடத்திலே கொடோக்கன் என்னும் தமது பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார்.

இக்குபோ என்னும் ஆசிரியரிடமும் அவர் பயின்று வந்தார். ஐம்பது வயது கடந்த இக்குபோ இளைஞரான கானோவை எளிதில் எறிந்துவிடுவார். 1885 ஆம் ஆண்டளவில் ஒருநாள் நிலைமை மாறிற்று. கானோ ஆசிரியரைப் பன்முறை எறிந்தார். ஆசிரியரால் அவரை எறிய முடியவில்லை. வியப்புற்ற ஆசிரியர் காரணம் கேட்டார். எறிவதற்கு முன்னர் எதிரியின் சமநிலையைக் குலைக்க வேண்டும் என்பதே தாம் கண்டறிந்த நுட்பம் என்று மாணவர் விளக்கினார். இனி உனக்குக் கற்பிக்க என்னிடம் ஒன்றுமில்லை என்று அந்த ஆசிரியர் மனமுவந்து கூறினாராம். மாணவனிடம் தோற்றதை மகிழ்ச்சியோடு ஏற்ற அப்பெருந்தகையை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சம் கனிகிறது.

பிற்காலத்திலே கானோ இந்நுட்பத்தை ஓர் எளிய கணக்கினால் விளக்கினார். எதிரியின் பலம் 10 என்றும் என் பலம் 7 என்றும் கொள்வோம். அவர் தள்ளும்போது நான் எதிர்த்து நின்றால் முழுப்பலத்தையும் செலவிட்டும் தோற்பேன். எதிர்க்காமல், அவர் தள்ளுமளவுக்கு நான் பின்வாங்கிக்கொண்டால், அவர் முன்னே சாய்ந்து நிலைகுலைவார். அந்நிலையில் அவருக்குப் பயன்படும் பலம் 3 தான். நானோ நிலைகுலையாமையால் என் பலம் 7 ஆகவே இருக்கிறது. அதிற் பாதியே அவரை வீழ்த்தப் போதுமானது. 'யூ' என்ற யப்பானியச் சொல் நெகிழ்ச்சியை, இணங்கி வளைதலைக் குறிப்பது. 'டோ' என்பது நெறி. பெயரிலேயே தத்துவம் அடங்கியிருக்கிறது.

ஆனால், அஞ்சியவனால் இணங்கி வளைய முடியாது. விழுந்துவிடுவோம் என்ற அச்சமே தோளை இறுக்குகிறது. இறுகிய தோளே எதிரிக்குப் பிடியாகிறது. ஆதலாற்றான் இக்கலையில் விழுதல் முதற்பாடமாயிற்று. கானோ இன்னுமொன்று செய்தார். பழைய முறைகளிலிருந்த அடி, உதை முதலிய ஆபத்தான நுட்பங்களைத் தடையற்ற பயிற்சியினின்றும் நீக்கி, முன்னரே வகுத்த ஒழுங்கிற் செய்யும் 'கத்தா' என்னும் பகுதியிலே மாத்திரம் பேணினார். இதனாலே, 'ரண்டோரி' எனப்படும் தடையற்ற பயிற்சியில் இருவர் தம் முழு ஆற்றலோடும் மோதலாம், ஊனமுறும் அபாயம் குறைவு. அஞ்சத் தேவையில்லாத களத்தை அமைத்துக் கொடுத்த பின்னரே மாணவனிடம் சுதந்திரத்தை எதிர்பார்த்தார் அவர்.

இவ்விரு பயிற்சிகளுக்கும் அவர் கூறிய உவமை தமிழாசிரியனாகிய என்னைத் திடுக்குற வைத்தது. கத்தா இலக்கணம் போன்றது. ரண்டோரி கட்டுரை வரைவது போன்றது என்றார். இலக்கணமறியாதவன் செம்மையாக எழுத மாட்டான். இலக்கணம் மாத்திரம் அறிந்தவனும் எழுதிவிட மாட்டான். இரண்டும் வேண்டும்.

1893 இல் தோக்கியோவின் உயர்தர ஆசிரியர் கலாசாலைக்குத் தலைவராகி, இடையீடுகளுடன் 1920 வரை அப்பொறுப்பை வகித்தவர் கானோ. ஆசிரியர்களை உருவாக்கியவர் கூறிய உவமை அது. அதனை என் வகுப்பறையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நாணினேன். என் மாணவர்கள் இருபது வரியில் இருபது சிவப்புக் கோடுகளைப் பெற்றவர்கள். பொங்கலைப் பற்றி எழுதச் சொன்னால் முப்பது பேரும் ஒரே வாக்கியத்திலே தொடங்குவார்கள்; ஏனெனில் அது பிழையற்றதென்று உறுதிப்பட்ட வாக்கியம். கடலோரத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன், தந்தையோடு தோணியிற் சென்ற கதையை மரநிழலில் நின்று சொன்னால் கேட்பவர் மெய்மறப்பர். அவனே தாளைக் கண்டால் மரம்போலாவான். மண்டபத்திலே நான் நின்ற நிலையைத் தாளின்முன் அவனிடத்திலே கண்டேன். அவனுக்கு நிலம் என் சிவப்பு மை.

இந்த இறுக்கத்தைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஒரு துறவி ஆராய்ந்திருக்கிறார். 1573 முதல் 1645 வரை வாழ்ந்த சென் பௌத்தத் துறவி தக்குவான், யக்யு முனெனோரி என்னும் வாள்வித்தை ஆசிரியருக்கு எழுதிய கடிதத்திலே, மனம் ஓரிடத்திலே தங்கிவிடுவதே நோய் என்கிறார். எதிரியின் வாளில் மனம் தங்கினால் அங்கே சிறைப்படும். தன் வாளில் தங்கினாலும் அவ்வாறே. ஆயிரம் கைகளையுடைய கண்ணோன் என்னும் தெய்வ வடிவை அவர் எடுத்துக்காட்டுகிறார்: ஒரு கையிலே மனம் நின்றுவிட்டால் ஏனைய 999 கைகளும் பயனற்றுப்போம். ஒன்றும் அறியாத புதியவன் இயல்பாக அசைகிறான். கற்கத் தொடங்கியதும் கையிலும் காலிலும் மனம் தங்கித் தடுமாறுகிறான். கற்றது உடலோடு ஒன்றிய பின்னர் மீண்டும் புதியவன்போல இயல்பாகிறான். நடுவிலுள்ள தடுமாற்றத்தைத் தாண்டாமல் முடிவிலுள்ள இயல்பை எய்த வழியில்லை என்பது என் துணிபு. பயிற்சியை இடைநடுவே கைவிட்டு, 'எனக்கு இது இயல்பாக வரவில்லை' என்போர் பலர், அத்தடுமாற்றத்தையே எல்லையென்று மயங்கியவர்கள்.

தாண்டியவரிடத்திலே காண்பது என்ன? அவரவர் தனித்தன்மையை. கானோவிடமிருந்து பெற்ற அதே நுட்பங்களைக்கொண்டு மிஃபுனே தமக்கென ஒரு யூடோவைச் சமைத்தார். உருளும் பந்து எப்பக்கம் தள்ளினும் நடுநிலை இழப்பதில்லை என்பதே அவர் தம் அசைவுக்குக் கொண்ட உவமை. சிறிய உடலுக்குப் பொருந்திய கவிதை அது. 1964 இல் தோக்கியோ ஒலிம்பிக்கிலே யூடோ முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, எல்லா எடையினரும் கலந்துகொள்ளும் பிரிவின் இறுதிப் போட்டியில் யப்பானியரான கமினாகாவை எதிர்த்து நின்றவர் ஒல்லாந்து நாட்டு அன்ரன் கீசிங்க். ஆறரை அடி உயரத்தவர். அவர் பந்தைப்போல் உருளவில்லை. பெரிய உடலின் பாரத்தை அவசரமின்றிப் பரப்பி, கமினாகாவை நிலத்திலே அழுத்திப் பிடித்து வென்றார். வெற்றிக் களிப்பில் அவர் நாட்டவர்கள் களத்தினுள் ஓடிவர முற்பட்டபோது, கையை உயர்த்தி அவர்களைத் தடுத்து நிறுத்தினார். தோற்றவரின் மானத்தைக் காத்த அந்தக் கையும் அவருடைய யூடோவின் ஒரு பகுதியே. ஒரே இலக்கணத்திலிருந்து எழுந்த இருவேறு நடைகள் இவை.

நானும் ஒரு கணம் கண்டேன். இரண்டாம் ஆண்டு முடிவில், மழை பெய்த ஒரு மாலை. முன்பு என்னை வீழ்த்திய அதே இளைஞன் முன்னேறி வந்தான். நான் ஒன்றையும் எண்ணவில்லை. இடது கால் பின்னே சென்றது, உடல் திரும்பியது, அவன் பாயிலே கிடந்தான். எறிந்தது நான்தானா என்று ஐயுற்றேன். "என்ன செய்தீர்கள், மாஸ்டர்?" என்று அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். விடை தெரியவில்லை. மறுபடி செய்து காட்ட முயன்றேன், முடியவில்லை. மூன்று தடவை நானே விழுந்தேன். ஆனால் கை நீட்டாமல் விழுந்தேன்.

அதன்பின் என் வகுப்பிலே ஒரு சிறு மாற்றஞ் செய்தேன். வாரத்தில் ஒருநாள் மாணவர் எழுதும் ஒரு பக்கத்துக்குச் சிவப்பு மை இல்லை, புள்ளியும் இல்லை. கடலோரத்து மாணவன் முதல் வாரம் நான்கே வரிகள் எழுதினான். ஏழாம் வாரம் மூன்று பக்கம் எழுதினான். விடியற்காலையில் வலை இழுக்கும்போது தந்தையின் கையிலே கயிறு கீறிய தழும்பைப் பற்றிய பக்கங்கள் அவை. பிழைகள் மலிந்திருந்தன, நான் ஒன்றையும் தொடவில்லை. அடுத்த நாள் அவனே என் மேசைக்கு வந்தான். கையில் அந்தத் தாள்கள். "சேர், இதில எங்கெங்க சந்தி பிழையெண்டு சொல்லித் தருவீங்களா? அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டப்போறன்" என்றான்.

பேனையை எடுத்தேன். சிவப்பு மை அன்று; நீல மை. இருவரும் அருகருகே அமர்ந்து முதல் வரியிலிருந்து தொடங்கினோம்.