“றேடியோவில பேசுறதுக்கும் ஒரு படிப்பா?”

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த மகள் ஒருநாள், “அம்மா, நான் பத்திரிகைத்துறை படிக்கப் போறேன். பொறகு றேடியோவில செய்தி வாசிக்கணும்” என்று சொன்னால், நம்ம லயத்தில் என்ன பதில் வரும்? “றேடியோவில பேசுறதுக்கும் ஒரு படிப்பா? டீச்சர் வேலைக்குப் போற வழியைப் பாரு” என்றுதான் பெரும்பாலும் வரும். அப்படிச் சொல்லும் தாயைக் குறை சொல்ல முடியாது. மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து எடுத்துப் படிக்க வைத்தவருக்கு, மாதம் தவறாமல் சம்பளம் வரும் வேலைதான் முதலில் கண்ணில் தெரியும். ஆனாலும் தெரியாத தொழிலை வேண்டாம் என்று தள்ளுவதற்கு முன்னர், அது என்ன தொழில், அதற்கு என்ன பயிற்சி என்று கேட்டுப் பார்ப்பது நல்லது அல்லவா?

நமக்கு வானொலி புதிது அல்ல. கொழும்பில் 1925இல் ஒலிபரப்பு தொடங்கியது. 1967இல் அது கூட்டுத்தாபனம் ஆனது. எஸ்.பி.மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல் கடல் கடந்து தமிழ்நாட்டிலும் கேட்டது. நமது லயத்துக் காம்பராவிலும் கேட்டது. “அதெல்லாம் பொறவிக் குரல், நமக்கு வராது” என்று நாம் நினைத்துக் கொண்டோம். அதில் பாதிதான் உண்மை. குரல் பிறப்போடு வரலாம். அதைப் பயன்படுத்தும் விதம் பழக்கத்தால்தான் வரும். கொழுந்து எடுக்கும் கை பழகுவதைப் போலத்தான் இதுவும்.

பயிற்சியில் என்ன நடக்கிறது?

முதலாவது உச்சரிப்பு. ல, ள, ழ மூன்றையும், ர, ற இரண்டையும் பிரித்துச் சொல்லப் பழக வேண்டும். “மழை” என்பது “மலை” என்று காதில் விழுந்தால், மண்சரிவு எச்சரிக்கை கேட்கும் குடும்பம் குழம்பிப் போகும்.

இரண்டாவது ஒலிவாங்கி. வாய்க்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரு சாண் தூரம் இருக்க வேண்டும். நேராகப் பேசினால் “ப” என்ற எழுத்து வரும்போது காற்று மோதி வெடிச்சத்தம் கேட்கும். அதனால் சற்றுப் பக்கவாட்டில் பேசுவார்கள். தாள் சரசரக்காமல் புரட்டவும், வசனத்தின் நடுவில் மூச்சு வாங்காமல் வாசிக்கவும் பழக்குவார்கள்.

மூன்றாவது, காதுக்கு எழுதுவது. பத்திரிகையில் ஒரு வசனம் விளங்காவிட்டால் திரும்ப வாசிக்கலாம். வானொலியில் போனது போனதுதான். “தோட்டத் தொழிலாளர்களின் நாளாந்த வேதனம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டுள்ளமை தொடர்பிலான வர்த்தமானி அறிவித்தல் வெளியிடப்பட்டுள்ளது” என்று வாசித்தால், அடுப்படியில் நிற்பவருக்கு என்ன விளங்கும்? “தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா. அதற்கான வர்த்தமானி வெளியாகிவிட்டது” என்றால் ஒரே தடவையில் விளங்கிவிடும்.

நான்காவதும் முக்கியமானதும் சரிபார்த்தல். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு ஏற்பட்டபோது, நூற்றுக்கணக்கானோர் புதையுண்டார்கள் என்று முதல் நாளில் செய்திகள் வந்தன. பின்னர் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. வேறு தோட்டங்களில் சொந்தக்காரர்கள் அழுதுகொண்டு கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. யார் சொன்னார், அவர் கண்ணால் பார்த்தாரா, இன்னொருவரும் அதையே சொல்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் எவ்வளவு இனிமையான குரலும் பயன்படாது.

நம்ம பிள்ளைக்கு இருக்கும் முதல்

2021 மார்ச் மாதம் 1000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது. “சம்பளம் கூடிவிட்டது” என்று வாசித்துவிட்டுப் போவது எளிது. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளையோ அடுத்த கேள்வியைக் கேட்பாள்: “எத்தனை கிலோவுக்கு முழுப்பேர்? குறைஞ்சா அரைப்பேரா? மாசத்துக்கு எத்தனை நாள் வேலை?” அரைப்பேர், கைக்காசு, பிரட்டுக்களம் என்ற சொற்களை அவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இது எந்தப் பாடசாலையிலும் கிடைக்காத அறிவு.

பத்திரிகைத் தொழிலும் நமக்கு அந்நியமானது அல்ல. தோட்டத் தொழிலாளருக்காகப் போராடிய கோ.நடேசய்யர் 1920களிலேயே தமிழ்ப் பத்திரிகை நடத்தினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் எழுதினார்; கூட்டங்களில் பாடவும் செய்தார். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை” என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

எங்கே படிக்கலாம்?

“தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்” உயர்தரத்தில் ஒரு பாடமாகவே இருக்கிறது. பாடசாலையில் விசாரித்துப் பாருங்கள். பல்கலைக்கழக அனுமதி கிடைத்தால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கையும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கையும் உண்டு. 2004இல் கொழும்பில் ஆரம்பித்த இலங்கை இதழியல் கல்லூரி தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் ஒரு வருட டிப்ளோமாவை நடத்தி வந்திருக்கிறது. விண்ணப்பம் கோரும் அறிவித்தலை நாளிதழ்களில் கவனியுங்கள். சிங்களமும் ஓரளவு ஆங்கிலமும் தெரிந்தால் வேலை தேடும்போது பெரிய உதவி.

“மூன்றே மாதத்தில் அறிவிப்பாளர் ஆக்குகிறோம்” என்று பணம் கேட்பவர்களிடம் கவனமாக இருங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா, கலையகத்தில் எத்தனை மணி நேரப் பயிற்சி, பற்றுச்சீட்டு தருவார்களா என்று கேட்ட பிறகே காசைக் கொடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. படித்து முடித்தவுடன் எல்லோருக்கும் ஒலிவாங்கி கிடைப்பதில்லை. பலர் பிராந்திய நிருபராகத் தொடங்குகிறார்கள். அதில் அனுப்பும் செய்திக்கு ஏற்பவே பணம் வரும். சிலர் செய்தி எழுதுபவராக, ஒலிப்பதிவு வெட்டித் தொகுப்பவராகப் பல வருடம் இருக்கிறார்கள். அதனால் இரண்டு, மூன்று வருடம் பொறுத்திருக்க வீட்டால் முடியுமா என்று பெற்றோரும் பிள்ளையும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். பேசாமலே “வேண்டாம்” என்பதும் சரியல்ல. கணக்குப் பார்க்காமல் அனுப்புவதும் சரியல்ல.

பயிற்சியை இன்று இரவே தொடங்கலாம். ஒரு செய்தியை எடுத்து, சின்னச் சின்ன வசனமாக எழுதி, கைத்தொலைபேசியில் பேசிப் பதிவு செய்யுங்கள். அதை வீட்டில் இருக்கும் பாட்டிக்குப் போட்டுக் காட்டி, “என்ன விளங்குச்சு பாட்டி?” என்று கேளுங்கள். அவர் சரியாகத் திருப்பிச் சொன்னால் முதல் பரீட்சையில் சித்தி. “என்னாடி சொல்ற, ஒண்ணுமே வெளங்கல” என்றால், நாளைக்கு மறுபடி எழுதுங்கள்.