நாற்காலியோடு வந்த வீடு

புகையிரத நிலைய அதிபர், தபாலதிபர், வைத்தியர் என்று தெற்கே உத்தியோகம் பார்த்த எங்கள் பெரியவர்கள் பலர் அரசாங்கக் குவாட்டர்ஸில்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். வாடகை சம்பளத்தில் கழியும். மாற்றல் வந்தாலோ இளைப்பாறினாலோ வீட்டை ஒப்படைக்க வேண்டும். தாபன விதிக்கோவையின் 19ஆம் அத்தியாயம் இதற்கென்றே உள்ளது. நாங்கள் நட்ட மாமரத்தில் அடுத்த உத்தியோகத்தர் காய் பறிப்பார்.

அதனால்தான் ஊரில் ஒரு கல்வீடு கட்டும்வரை அவர்களுக்கு நித்திரையில்லை. 1990இல் வலிகாமம் வடக்கில் பலர் அந்த வீட்டையும் விட்டு ஓட நேர்ந்தது.

அன்பான வாசகர்களே, இங்கே யாராவது வேலையோடு வீடும் தருவதாகச் சொன்னால், கையெழுத்து வைக்குமுன் ஒன்று கேளுங்கள்: வேலை போனால் எத்தனை நாளில் வெளியேற வேண்டும்? பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.