கூரையும் உண்டு, வெயிலும் உண்டு!

'பணமில்லை!' — நமது அரசுப் பல்கலைக் கழகங்களிலே இன்று எந்தக் கதவைத் தட்டினாலும் கிடைக்கிற விடை இதுதான். 1857-ல் தோன்றிய சென்னைப் பல்கலைக் கழகமே, 2024-ல் வருமான வரித் துறை வங்கிக் கணக்குகளை முடக்கியபோது திண்டாடியதைக் கண்டோம். மூத்த பிள்ளையின் கதி அதுவானால், இளையவற்றின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

"இந்த நிலையிலே பசுமை நுட்பமா, மின்வழிக் கல்வியா? குடிப்பது கூழ், கொப்பளிப்பது பன்னீரா?" என்று கேலி பேசுகிறார்கள் சிலர். பன்னீரல்ல ஐயா, கூழுக்கு வழி தேடுகிற கணக்கு இது!

பழைய குழல் விளக்கு, சோக்கோடு சேர்த்து ஏறத்தாழ 50 வாட் விழுங்குகிறது. எல்.இ.டி. விளக்குக்கு 20 வாட் போதும். நாளைக்கு 8 மணி, ஆண்டுக்கு 200 நாள் எரிந்தால், ஒரு விளக்கிலே 48 யூனிட் மிச்சம். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும் 336 ரூபாய். விளக்கின் விலையே அவ்வளவு வராது! மின்விசிறிக் கணக்கு இத்தனை இனிப்பாக இல்லை. 75 வாட் விசிறியைக் கழற்றி 30 வாட் விசிறியை மாட்டினால், போட்ட முதல் திரும்ப ஐந்தாறு ஆண்டாகும். ஓடுகிறதைக் கழற்ற வேண்டாம். பழுதானதும் புதுவகை வாங்கட்டும்.

ஒரு கிலோவாட் சூரியத் தகட்டுக்குச் சுமார் 100 சதுர அடிக் கூரை வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும். முதல் போடப் பணமில்லையா? நிறுவனமே தன் செலவில் தகடு பதித்து, பேசிய விலைக்கு மின்சாரம் விற்கும் முறை இருக்கிறது. ஒப்பந்தம் 25 ஆண்டு வரை நீளும். விலை ஆண்டுதோறும் ஏறுமா என்று படித்துப் பார்த்தே கையெழுத்திட வேண்டும். (சிஸோம் எழுப்பிய செனட் மண்டபத்து மாடங்களில் ஏற்றச் சொல்லவில்லை, கான்கிரீட் கட்டடங்கள் ஏராளம்!)

பாடங்களுக்கு வருவோம். மூடில் என்னும் மென்பொருள் 2002 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களைக் காசின்றிக் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். அவற்றை இறக்கி நூலகக் கணினியிலே வைத்தால், இணையத்துக்குக் காசு கட்ட முடியாத பிள்ளையும் அங்கே அமர்ந்து பார்க்கலாம். 2020-ல் ஒரே கைபேசியை அண்ணனும் தங்கையும் பங்குபோட்டதை மறந்துவிட்டோமா?

ஆனால் ஒன்று. 2021-ல் பல்கலைக் கழக மானியக் குழு, ஒரு பருவத்துப் பாடங்களிலே 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே படிக்க இடம் தந்தது. ஏணியாகக் கொள்வோர் கொள்ளட்டும். காலியான பேராசிரியர் பணியிடத்தைக் காலியாகவே வைத்திருக்க அதைச் சாக்காக்குவோரைக் கண்டுதான் அஞ்சுகிறோம். திரையிலே படம் பேசும். ஐயம் கேட்டால் வாய் திறக்குமா? தமிழ் வழியிலே படித்துவந்த முதல் தலைமுறைப் பிள்ளைக்கு, அந்த ஆங்கிலப் பாடத்தை விளக்கிச் சொல்ல வகுப்பிலே ஓர் ஆசிரியர் வேண்டாமா?

ஆகவே, விளக்கிலும் தகட்டிலும் மிச்சமாகும் தொகையைப் பொதுக் கணக்கிலே கரைக்காமல், தனித் தலைப்பில் வரவு வைத்து, ஆசிரியர் ஊதியத்துக்கும் நூலகக் கணினிக்கும் ஒதுக்குக! அடுத்த வரவு செலவுத் திட்டம் செனட்டுக்கு வரும்போது, உறுப்பினர்கள் எழுந்து முதலில் கேட்கட்டும்: சென்ற ஆண்டு மின்கட்டணம் எவ்வளவு?