பெருங்காயத்துக்குள் ஒளிந்திருக்கும் கோதுமை

சென்னையின் பெரிய ஹோட்டல் ஒன்றில் காலை டிபன் கூட்டம் உச்சத்தில் இருக்கிறது. ‘பணியாளர்களுக்கு மட்டும்’ என்று எழுதிய ஆடும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது! தலைக்கு வலைத்தொப்பி, உடம்புக்கு வெள்ளை கோட். மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றியாச்சு. சோப்பு போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் அடுத்த அடி.

அடடா, எத்தனை நிறங்கள்! சமைக்காத இறைச்சி வெட்டும் பலகை சிவப்பு, மீனுக்கு நீலம், சாலட்டுக்கும் பழத்துக்கும் பச்சை, பால், பேக்கரிக்கு வெள்ளை. கோழி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்கினால் என்ன ஆகும்? கோழி எப்படியும் அடுப்புக்குப் போகும். வெள்ளரிக்காய் வேகாது, அதில் ஏறிய சால்மோனெல்லா நேராகத் தட்டுக்கு வந்துவிடும். ஒரு தம்பியின் விரலில் பளிச்சென்று நீல பிளாஸ்திரி. சமையலில் நீல நிறப் பொருள் அபூர்வம், அவிழ்ந்து விழுந்தால் உடனே கண்ணில் படும் என்பதற்காகவே அந்த நிறமாம்!

இந்த மாதிரி அடுக்களைகளில் சுவரில் தொங்கும் ‘ஹாசப்’ அட்டவணைக்கு விண்வெளியில் பூர்வீகம் உண்டு. 1960-களில் நாசாவுக்காக பில்ஸ்பரி நிறுவனம் விண்வெளி வீரர்களின் சாப்பாட்டைத் தயாரித்தபோது உருவான முறை அது. சமைத்த பிறகு சோதிப்பதற்குப் பதிலாக, எந்தக் கட்டத்தில் தப்பு நடக்கும் என்று முன்பே கண்டுபிடித்து அங்கேயே காவல் போடுவது. நம்ம ஊர் தயிர் சாதமும் இப்போது அதே காவலில்தான் தயாராகிறது!

தயிர் சாதத்தை விட்டு நகர எனக்கு மனசே இல்லை. வடித்த சாதத்தை அகலமான தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, வேகமாகக் குளிர்விக்கும் பிளாஸ்ட் சில்லருக்குள் தள்ளுகிறார்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து, பெருகி, நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அதனால்தான் 60 டிகிரியிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கி, அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5-க்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மாஸ்டர் ஊசி போன்ற தெர்மாமீட்டரைச் சாதத்தின் நடுவில் குத்தி, எண்ணைப் பார்த்து, நோட்டில் எழுதி, ஊசியைத் துடைத்து மூடுகிறார். கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

திடீரென்று ஆர்டர் சீட்டோடு ஒரு குரல்: “கே.ஓ.டி! டேபிள் பன்னிரண்டு, குழந்தைக்கு தோசை, அலர்ஜி, கோதுமை!”

அவ்வளவுதான், அடுக்களையின் நடையே மாறிவிட்டது. பெரும்பாலான கிருமிகளுக்குத் தீ எமன், ஆனால் அலர்ஜி தரும் புரதத்தைத் தீயை நம்பி விடவே முடியாது. கொதித்தாலும் பொரித்தாலும் வேர்க்கடலை வேர்க்கடலைதான். கையில் ஒட்டியதைச் சானிடைசர் கூட முழுசாகப் போக்காது. சோப்பும் தண்ணீரும்தான் வழி. ஊதா நிறப் பெட்டி ஒன்று வெளியே வருகிறது. அதற்குள் தனிப் பலகை, தனிக் கத்தி, தனிக் கரண்டி.

“தோசைதானே, அரிசியும் உளுந்தும்தானே மாஸ்டர்?” என்றேன்.

“மாவு சரிதான் மேடம், கல்லைப் பாருங்க. இப்பதான் அதுல ரவா தோசை ஊத்துனோம். ரவைன்னா கோதுமைதானே?” என்றபடி புதுக் கல்லை அடுப்பில் ஏற்றினார். அப்பளமும் கிடையாதாம். காலிஃப்ளவர் 65-க்கு மைதா கரைத்துப் பொரித்த எண்ணெயில் விழுந்த அப்பளம் அந்தக் குழந்தைக்கு ஆகாது.

ஆனால் என்னைத் துள்ள வைத்தது சாம்பார்! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் பிசினோடு மைதாவும் கலந்திருக்கும். துளிதானே என்று விட முடியாது: ‘குளூட்டன் இல்லை’ என்று சொல்ல இந்திய விதிப்படி அந்தக் கோதுமைப் புரதம் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மாஸ்டர் டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்துகளை எனக்கு வாசித்தே காட்டினார். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் தனி ஜாடியில் இருக்கிறது. சின்ன வாணலியில் அதைப் போட்டுத் தாளித்து, தனியாக ஒரு கிண்ணம் சாம்பார். எவ்வளவு அழகான வேலை!

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் சங்கிலி உணவகங்கள், மத்திய உரிமம் பெற்றவை எல்லாம் மெனுவிலேயே அலர்ஜித் தகவலைக் காட்ட வேண்டும் என்ற விதி 2022 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. பால், முட்டை, மீன், வேர்க்கடலை, சோயா எல்லாம் 2020-ல் வந்த அலர்ஜிப் பட்டியலில் உண்டு. எள் இல்லை. அமெரிக்காவோ 2023-ல் எள்ளை ஒன்பதாவதாகத் தன் பட்டியலில் சேர்த்துவிட்டது. நல்லெண்ணெய் ஊற்றி இட்லிப்பொடி குழைக்கும் நமக்கு இது வீட்டு விஷயம் இல்லையா? இந்த அடுக்களையில் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. எள்ளுக்கும் ஜாடியில் தனி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள்.

அதைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த குரல்: “கே.ஓ.டி! முந்திரி அலர்ஜி, பொங்கல் ஒண்ணு!” மாஸ்டர் என்னை மறந்தே போனார், நெய்யை உருக்க வேறு கரண்டியைத் தேடி ஓடிவிட்டார்.